ஸ்பானிஷைப் பட்டமாகப் படிப்பதா, பட்டத்தோடு சேர்த்துப் படிப்பதா?

அக்கா மகள் காரைக்குடியில் பிளஸ் டூ வணிகவியல் படிக்கிறாள். அடுத்து சி.ஏ.தான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். காலாண்டு விடுமுறையில் நான் போயிருந்தபோது மாடிக்குக் கூட்டிப்போய், "சித்தி, எனக்கு ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும் படிக்கணும். பட்டமாவே படிக்கணும். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றாள். நூலகத்தில் எடுத்த ஒரு கொலம்பியக் கதையின் தமிழ் மொழிபெயர்ப்பில் தொடங்கியதாம் இந்த ஆசை. படித்து முடித்ததும், இது ஸ்பானிஷிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்ததா, நடுவில் ஆங்கிலம் இருக்கிறதா என்று பின்னட்டையிலும் முன்பக்கங்களிலும் தேடியிருக்கிறாள். லத்தீன் அமெரிக்க எழுத்தில் நமக்குத் தமிழில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாக வந்ததுதான்.

நான் தேவகோட்டையில் ஒரு பள்ளியில் 22 வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினேழு வயதில் ஒரு மொழி மீது வரும் ஆசையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் அனுபவம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவும் முடியாது. ரெண்டு பேருமாகச் சில வாரம் விசாரித்தோம். எங்கள் முன்னால் இருந்த வழிகளையும், எதை எதற்காகத் தள்ளினோம் என்பதையும் எழுதுகிறேன். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இதே யோசனையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவும்.

முதலில், ஸ்பானிஷ் தெரிந்துகொள்வதும் ஸ்பானிஷில் பட்டம் வாங்குவதும் ஒன்றா என்ற கேள்வி. அத்தானுக்கு இதைப் புரியவைக்கத்தான் அதிக நேரம் ஆனது. கம்பன் விழா நடக்கும் ஊரில் விளக்குவதற்கு ஓர் எளிய வழி இருந்தது. நாம் எல்லோரும் தமிழ் பேசுகிறோம், கணக்கு எழுதுகிறோம், கடிதம் எழுதுகிறோம். பி.ஏ. தமிழ் என்றால் அது நன்னூல், சிலம்பு, கம்பன், உரையாசிரியர்கள். ஸ்பானிஷ் பட்டமும் அப்படித்தான். முதல் வருடம் முழுக்க மொழி: கேட்பது, பேசுவது, எழுதுவது, திருத்தம் வாங்குவது. இரண்டாம் வருடத்திலிருந்து ஸ்பெயினின் வரலாறு, லத்தீன் அமெரிக்காவின் வரலாறு, சிறுகதைகள், கவிதைகள். அப்புறம் 'டான் குயிக்ஸாட்' எழுதிய செர்வாந்தேஸ், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுப் பொற்கால நாடகங்கள், இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர்கள், நாவலாசிரியர்கள், மொழிபெயர்ப்புப் பயிற்சி, மொழியியல். மொழி பேசத் தெரிந்தால் போதும் என்பவருக்கு இதில் பாதி சுமையாகத் தெரியும். அக்கா மகளுக்கு அந்தப் பாதிதான் வேண்டும்.

அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு இரண்டு உதாரணம் சொன்னேன். ஸ்பெயினின் கவிஞர் லோர்கா 1936-இல் எழுதி முடித்த கடைசி நாடகத்தில், கணவன் இறந்ததும் எட்டு வருடம் துக்கம் காக்க வேண்டும் என்று ஐந்து மகள்களையும் வீட்டுக்குள் வைத்துக் கதவடைக்கிறாள் பெர்னார்தா ஆல்பா என்ற தாய். அதே வருடம் லோர்கா கொல்லப்பட்டார். நாடகம் 1945-இல்தான், அதுவும் கடல் தாண்டி புவெனஸ் அயர்ஸில், மேடை ஏறியது. இன்னொன்று மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ 1955-இல் வெளியிட்ட சின்ன நாவல். அப்பாவைத் தேடி ஒரு மகன் கோமாலா என்ற ஊருக்குப் போகிறான். அங்கே அவனிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் இறந்தவர்கள். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் தெருத்தெருவாக நிற்கும் ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு இந்த இரண்டும் எப்படிப் படும் என்று எனக்குத் தெரியும். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் தாண்டி உள்ளே போகப் போக வெளிச்சம் குறைவதைப் பார்த்தவள் அவள். இந்த நூல்களை மூலத்தில் படிக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசை இல்லாவிட்டால் பட்டம் வேண்டாம், மொழி மட்டும் போதும். நான் இங்கிருந்துதான் எல்லா வழிகளையும் பார்க்கிறேன்.

மொழி கடினமா என்பது அக்காவின் கேள்வி. ஆங்கிலம் வழியாகப் பார்த்தால் சில இடங்கள் விசித்திரமாகத் தெரியும், தமிழ் வழியாகப் பார்த்தால் பல இடங்களில் பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். "மே குஸ்தா எல் கஃபே" என்றால் "எனக்குக் காபி பிடிக்கும்". எனக்கு என்பதும் பிடிக்கும் என்பதும் நம் அமைப்பிலேயே நிற்கின்றன. "நான்", "நீ" என்று சொல்லாமலே வினையின் முடிவிலிருந்து ஆளைத் தெரிந்துகொள்கிறோம் அல்லவா, அங்கேயும் அதுதான்: ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய். நீ, நீங்கள் என்ற வேறுபாட்டுக்கு து, உஸ்தேத். உயிர் ஒலிகள் ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. நம் ஞகரம் அவர்களுக்கும் உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறுகிற இடம் அது, நமக்கு ஞாயிறு மாதிரி வரும். மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியோ. நமக்கு இந்தச் சொற்கள் போர்ச்சுகீசியர் வழியாக வந்தவை, போர்ச்சுகீசியமும் ஸ்பானிஷும் உடன்பிறந்த மொழிகள். முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த சவேரியார் பிறந்த கோட்டையின் பெயர் ஹவியேர். அந்தப் பெயர்தான் நம்மிடம் சேவியர் ஆனது. இதைச் சொன்னதும் அக்காவுக்கு மொழி கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்தது.

கடினமான இடங்களும் உண்டு, மறைக்கக் கூடாது. உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு: புத்தகம் ஆண், மேசை பெண். "இருக்கிறேன்" என்பதற்கு இரண்டு வினைகள், எங்கே எது என்பது பழகப் பழகத்தான் வரும். ஐயம், விருப்பம், வேண்டுகோள் வந்தால் வினைக்கு வேறு உருவம். பெரோ என்றால் "ஆனால்", நாக்கை அழுத்தி உருட்டி பெர்ரோ என்றால் "நாய்". அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் வைக்கிறது. அதே கணக்கில் தமிழுக்கு 1,100 மணி நேரம். இந்த 600, 750 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டெல்லி

காரைக்குடி, மதுரை, திருச்சி என்று எங்கள் கைக்கெட்டிய இடங்களில் விசாரித்தவரை மூன்று வருட ஸ்பானிஷ் பட்டம் கிடைக்கவில்லை. ஆக ஊரைவிட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும். முதலில் எல்லோரும் சொல்வது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். 1969-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஸ்பானிஷ், போர்ச்சுகீசியம், இத்தாலியம், லத்தீன் அமெரிக்க ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தனி மையம் வைத்திருக்கிறார்கள். மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாதவர்களை பி.ஏ.வில் எடுத்து முதலிலிருந்து கற்றுத்தருகிறார்கள். ட்யூஷன் கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். விடுதியும் சாப்பாடும் ரயிலும்தான் உண்மையான செலவு. டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜாமியா மில்லியாவிலும்கூட ஸ்பானிஷ் ஆனர்ஸ் உண்டு.

டெல்லிக்கு இன்னொரு பலம், வகுப்புக்கு வெளியே கிடைக்கும் ஸ்பானிஷ். ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தேஸ் 2009 முதல் கனாட் பிளேஸ் பக்கம் இருக்கிறது. நூலகம், திரைப்படங்கள், கூட்டங்கள் எல்லாம் நடக்கும். தூதரகங்கள் அந்த ஊரில்தான். 1962 முதல் 1968 வரை மெக்சிகோவின் தூதராக டெல்லியில் இருந்தவர் கவிஞர் ஒக்தாவியோ பாஸ். தன் நாட்டில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்துப் பதவியை விட்டவர், 1990-இல் நோபல் பரிசு வாங்கியவர். அந்த இலக்கியத்தின் ஒரு பகுதி டெல்லியிலேயே எழுதப்பட்டது என்பது அங்கே படிக்கும் பிள்ளைக்குப் பெரிய ஊக்கம்.

எதிர்ப்பக்கம் என்ன? தூரம். காரைக்குடியிலிருந்து டெல்லி போய்ச் சேர இரண்டு ராத்திரி. உடம்புக்கு முடியவில்லை என்றால் உடனே ஓடிப்போக முடியாது. குளிர். கடைத்தெருவுக்கு ஹிந்தி. விடுதி இடம் சேர்ந்த அன்றே கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது, முதல் சில மாதங்கள் வெளியே தங்குவதற்கும் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக டெல்லியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகின்றன.

ஹைதராபாத்

ஹைதராபாத்தில் இருப்பது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். 1958-இல் ஆங்கிலம் கற்பிப்பதற்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கி, அப்புறம் அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்டு, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. என் பக்கச் சார்பை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆங்கில ஆசிரியர்களுக்கான தொலைநிலைப் படிப்பை நான் அங்கேதான் படித்தேன், நேர்முக வகுப்புக்காகச் சில வாரங்கள் அந்த வளாகத்தில் இருந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு மேசையில் ஜப்பானிய மொழி, பக்கத்தில் ரஷ்ய மொழி, இன்னொரு பக்கம் அரபி. எல்லோரும் தப்புத்தப்பாகப் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மொழி படிக்கிற பிள்ளைக்கு, தப்பாகப் பேசக் கூச்சப்படாத இடம் கிடைப்பது பெரிய விஷயம். வளாகம் முழுக்க மொழி மாணவர்கள் இருக்கும்போது அந்தக் கூச்சம் தானாகப் போய்விடுகிறது.

அங்கும் ஸ்பானிஷ் பி.ஏ. முதலிலிருந்து தொடங்குகிறது, அப்புறம் எம்.ஏ.வும் உண்டு. பல்லவன் ரயிலில் சென்னை போய் அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்தால் மறுநாள் ஹைதராபாத் போய்விடலாம். டெல்லியோடு ஒப்பிட்டால் வீட்டுக்கு மனசமாதானம். ஹைதராபாத்தில் ஸ்பானிஷ் தெரிந்தவர்களை எடுக்கும் பன்னாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. குறை என்று சொன்னால், டெல்லியில் தூதரகங்களும் செர்வாந்தேஸ் நிறுவனமும் தருகிற சூழல் இங்கே அந்த அளவுக்கு இல்லை. ஸ்பானிஷ் பேசும் நாட்டு ஆட்களைச் சந்திக்க மாணவர்களே முயற்சி எடுக்க வேண்டியிருக்கும்.

ஊரிலேயே ஒரு பட்டம், பக்கத்தில் ஸ்பானிஷ்

அத்தானுக்குப் பிடித்த வழி இதுதான். நானும் இதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். அழகப்பா அரசுக் கல்லூரியில் பி.காம். அல்லது பி.ஏ. ஆங்கிலம் சேர்வது, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவது, மாலையில் ஸ்பானிஷ் படிப்பது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் மொழி, பண்பாட்டுச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. டெல்லி செர்வாந்தேஸ் நிறுவனம் இணையவழி வகுப்பு நடத்துகிறது. தேர்வுக்கு டேலே இருக்கிறது: ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள், ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் சார்பில் செர்வாந்தேஸ் நிறுவனம் தருவது, ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். சியேலே என்ற இன்னொரு தேர்வு முழுக்கக் கணினியில் நடக்கும், முடிவு சீக்கிரம் வரும், ஆனால் 5 வருடம்தான் செல்லும்.

முன்னே சொன்ன 750 மணி நேரத்தை இங்கே எடுங்கள். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 1 மணி நேரம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 250 மணி. மூன்று வருடத்தில் 750. கணக்கு சரியாக வருகிறது. விடாமல் படித்தால் அந்த ஆறில் நான்காவதான பி2 நிலைக்குப் போய்விடலாம். பன்னாட்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவை, கொள்முதல், கணக்குப் பிரிவு வேலைகளுக்கு இந்த நிலை தாராளமாகப் பயன்படும். பி.காம். படித்து பி2 வைத்திருக்கும் பிள்ளைக்கு வேலைச் சந்தையில் இருக்கும் மதிப்பு, ஸ்பானிஷ் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்குச் சில இடங்களில் இருக்காது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, தன் அப்பச்சி 14 வயதில் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடி வேலைக்கு, போனதைச் சொன்னார். பள்ளிக்கூடம் போய் பர்மிய மொழி படிக்கவில்லை. கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டு, அடுத்தாள் ஆகி, மேலாள் ஆகி, 1942-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரும்வரை அந்த மொழியிலேயே பத்திரம் எழுதியிருக்கிறார். "தொழிலோட பாஷையும் வரும்த்தா" என்றார் ஆச்சி. அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆச்சி சொன்னது முழு உண்மை. செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் சைகோனிலும் அப்படித்தான் மொழிகளைக் கற்றார்கள்.

இன்னொரு உண்மையும் இதே மண்ணில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா, கையில் கிடைத்த தமிழ் அச்சுப் பிரதிகளை எல்லாம், நாடக நோட்டீஸ் உட்பட, வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் எண்ணிக்கைக்கு வளர்ந்த அந்தத் தொகுப்புதான் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. நூலுக்காகவே நூலைத் தேடுகிற வாழ்க்கையும் நம் பக்கத்து வாழ்க்கைதான் என்று நான் அத்தானிடம் சொன்னேன். நம் வீட்டுப் பெண் எந்த வகை என்று பார்த்து முடிவு செய்யலாம் என்றேன். அவர் அதை மறுக்கவில்லை.

பக்கத்தில் வைத்துப் படிக்கும் வழியின் பெரிய ஆபத்து, நின்றுபோவது. முதல் செமஸ்டர் தேர்வு வரும்போது ஸ்பானிஷ் வகுப்பு ஒரு வாரம் நிற்கும், அப்புறம் ஒரு மாதம் நிற்கும். வீட்டில் பேச ஆள் இல்லை, எழுதியதைத் திருத்த ஆள் இல்லை. என்னுடைய மாணவி ஒருத்திக்கு, ஆறே மாதத்தில் பி2 என்று சொல்லி ஒரு பயிற்சி மையம் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கியது. கொடுத்தது பதிவுசெய்த வீடியோக்கள் மட்டும். அவள் ஏ1 தாண்டவில்லை, மொழி தனக்கு வராது என்றே நினைத்துவிட்டாள். அந்த நினைப்பைப் போக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. நேரடியாகப் பேசித் திருத்தும் ஆசிரியர் இருக்கிறாரா, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்காமல் எங்கும் பணம் கட்டாதீர்கள்.

ஸ்பெயினுக்கே போனால்?

பிளஸ் டூ முடித்ததும் நேராக ஸ்பெயின் போவது பற்றி விசாரித்து, இரண்டே நாளில் ஓரமாக வைத்துவிட்டோம். அங்கே இளநிலைப் பட்டம் 4 வருடம், 240 கிரெடிட். பாடம் நடப்பது ஸ்பானிஷில், அதனால் போவதற்கு முன்பே மொழி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் பிளஸ் டூவை அவர்கள் மேல்நிலைப் படிப்புக்கு இணை என்று அங்கீகாரம் வாங்க வேண்டும், சேர்க்கைக்கான பாடத் தேர்வுகளை அந்நாட்டுத் தொலைநிலைப் பல்கலைக்கழகம் வழியாக எழுத வேண்டியிருக்கும். மாணவர் விசாவுக்கு மாதம் 600 யூரோ அளவில், அதாவது வருடத்துக்கு 7,200 யூரோ, செலவுக்கு இருப்பதாகக் காட்ட வேண்டும். அது படிப்புக் கட்டணம் போக. பார்சிலோனா ஆசை உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே பல வகுப்புகள் கத்தலான் மொழியில் நடக்கும்.

ஆனால் இங்கே ஒரு பட்டம் முடித்து, பி2க்கு மேல் மொழியையும் வைத்துக்கொண்டு, முதுநிலைக்குப் போவது நல்ல வழி. பெரும்பாலும் 1 வருடம், 60 கிரெடிட். பிளஸ் டூவுக்கு இணைச் சான்று வாங்கும் அலைச்சலும் இல்லை. 1218-இல் தொடங்கிய சலமங்கா பல்கலைக்கழகத்தின் படத்தை அக்கா மகள் தன் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். நான்கு வருடச் செலவை ஒரு வருடச் செலவாகச் சுருக்கி அங்கே போகலாம் என்றதும் அவளுக்கே அந்த வழி பிடித்துவிட்டது.

பிரெஞ்சு படிக்கக் கூடாதா என்று அத்தான் ஒருமுறை கேட்டார். புதுச்சேரி பக்கம், ஆசிரியர்கள் அதிகம், பள்ளிகளில் பாடமாக வெகு காலமாக இருக்கிறது, எல்லாம் சரி. பள்ளி ஆசிரியர் வேலை மட்டுமே நோக்கம் என்றால் தமிழ்நாட்டில் இன்றைக்கும் பிரெஞ்சுக்குத்தான் இடம் அதிகம். இவள் ஆசைப்பட்டது ஸ்பானிஷ். ஒரு மொழியை மூன்று வருடம் தினமும் சுமக்கப் போகிறவளிடம் வேறு மொழியைத் திணித்தால் இரண்டும் வராது.

இனி வேலை. ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி, ஐக்கிய நாடுகள் அவையின் 6 மொழிகளில் ஒன்று. இதைச் சொன்னவுடனே வேலை கதவைத் தட்டும் என்று நினைக்கக் கூடாது. பட்டம் முடித்தவர்கள் போகும் இடங்கள் இவைதாம்: ஹைதராபாத், பெங்களூர், குருகிராம், சென்னை நிறுவனங்களில் ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் வேலை, பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு, எம்.ஏ., நெட் என்ற பேராசிரியர் தகுதித் தேர்வு, ஆய்வு என்று போய்க் கல்லூரிப் பேராசிரியர் ஆவது. நிறுவன வேலையில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிடச் சம்பளம் கூடுதல், ஆனால் அமெரிக்க நேரத்துக்கு வேலை என்றால் ராத்திரி முழித்திருக்க வேண்டும். சாதாரணக் கடிதம், பட்டியல் மாதிரியான மொழிபெயர்ப்பை இப்போது கணினியே செய்துவிடுகிறது. அதை மட்டும் நம்பி யாரும் இறங்க வேண்டாம். நம் மாநில அரசுப் பள்ளிகளில் ஸ்பானிஷ் ஆசிரியர் பணியிடம் என்று ஒன்றை எதிர்பார்க்கவும் கூடாது. அதே நேரம், ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகள், வங்கித் தேர்வுகள், யு.பி.எஸ்.சி. எல்லாவற்றுக்கும் இந்தப் பட்டமும் செல்லும். "அந்தப் படிப்பு படிச்சா வேற எதுக்கும் ஆகாதா?" என்று அப்பத்தா கேட்டதற்கு நான் சொன்ன பதில் இது.

எல்லாம் கேட்டபிறகு என் தீர்ப்பு. வேலைக்கு ஒரு மொழி வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை ஊரிலேயே பி.காம். சேர்ந்து, ஸ்பானிஷைப் பக்கத்தில் வைத்து, இரண்டாம் வருடம் முடிவதற்குள் பி1, மூன்றாம் வருடத்தில் பி2 எழுதட்டும். பணமும் மிச்சம், பட்டமும் பத்திரம். மூலநூலைப் படிக்க வேண்டும், ஒருநாள் அதிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு அது போதாது. பதினாறாம் நூற்றாண்டு உரைநடையையும் ருல்ஃபோவின் மெக்சிகோக் கிராமத்துப் பேச்சையும் மாலை ஒரு மணி நேரத்தில் தனியாகப் பிடித்துவிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துகிற ஆசிரியரும், கூடச் சண்டை போடுகிற நண்பர்களும், நூலகமும் வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பட்டம்தான். டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் நடுவில் நான் ஹைதராபாத் பக்கம் சாய்கிறேன். வீட்டைவிட்டு முதன்முறையாகக் கிளம்பும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, மொழி மாணவர்கள் நிறைந்த அந்த வளாகம் முதல் மூன்று வருடத்துக்கு நல்லது. டெல்லியை எம்.ஏ.வுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டாள், அது எனக்கும் சரியாகப் பட்டது. மூன்று மாதம் தினமும் 1 மணி நேரம் ஸ்பானிஷ் படித்துக் காட்ட வேண்டும், அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணும் குறையக் கூடாது. இப்போது இரண்டாவது மாதம் நடக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ அழைப்பில் அவள் படித்துக்காட்டுவதை நான் கேட்கிறேன். எனக்கும் கூடவே கொஞ்சம் வந்துவிட்டது. பெர்ரோவில் நாக்கு உருள்கிறது, ஆண்பால் பெண்பாலில் இன்னும் தடுமாறுகிறாள்.

கடைசியாகத் தேதிகள். பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிட்டால் இந்தப் படிப்பு அந்த வருடம் கையைவிட்டுப் போய்விடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வு 2022 முதல் நடக்கிறது, அதற்கான விண்ணப்பம் ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். அதில் எந்தெந்தத் தாள்களை எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. எங்கள் தெருப் பையன் ஒருவன் நல்ல மதிப்பெண் எடுத்தும், கேட்ட படிப்புக்கு வேண்டிய தாளை எடுக்காததால் விண்ணப்பிக்கவே முடியாமல் போனது. ஹைதராபாத்தின் சேர்க்கை அறிவிப்பைத் தனியாக, அந்தந்த வருடத்துக்குரியதையே பார்க்க வேண்டும். அக்கா வீட்டு நாட்காட்டியில் ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறோம், இணையதளங்களைப் பார்ப்பதற்காக. அந்தப் பொறுப்பை அத்தானே எடுத்துக்கொண்டார்.